ரோத்தன்பர்க்குக்கு ஒரு நாள்: குடும்பத்தோடு போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், டவுபர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேல் விளிம்பில், மதிலுக்குள் இருக்கும் சிறு ஊர் ரோத்தன்பர்க். மக்கள்தொகை சுமார் 11,000. 1274 முதல் பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்ட சுதந்திர நகரம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவேரியாவோடு சேர்க்கப்பட்டது. காலையில் போய் இரவுக்குள் வீடு திரும்ப நினைக்கிறவர்களுக்காக இந்தப் பக்கம். பிள்ளைகளோடும், விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மாவோடும் போகிறவர்களை மனதில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

ஒரு நாள் போதுமா?

தாராளமாகப் போதும். பழைய ஊரின் தென்முனையிலிருந்து வடமுனைக்கு நடந்தால் 20 நிமிடம்தான். ஆறு மணி நேரம் கையில் இருந்தால் முக்கியமானதையெல்லாம் பார்த்துவிடலாம். நேரம் போதவில்லை என்று யாரும் குறைப்படுவதில்லை, ஒரே கூட்டம் என்றுதான் சொல்கிறார்கள். அதற்குக் காரணம் போகும் வரிசை. சுற்றுலாப் பேருந்துகள் வந்து நிற்கும் காலை 11 மணி முதல் மாலை 4 மணி வரை எல்லோரும் சந்தைச் சதுக்கத்திலும் படங்களில் வரும் புளோன்லைன் முக்கிலும்தான் நிற்பார்கள். அந்த நேரத்தில் மதில்மேல் நடங்கள், சதுக்கத்தை மாலைக்கு வையுங்கள். இது ஒன்றைச் செய்தாலே பாதிச் சிரமம் குறையும்.

டிக்கெட் எடுக்கும்போது நிறைய ரோத்தன்பர்க் வருகிறதே, எது சரி?

"ரோத்தன்பர்க் ஓப் டேர் டவுபர்" என்று முழுப்பெயர் இருந்தால் மட்டும் எடுங்கள். ஃபுல்டா ஆற்றங்கரையில் ஒரு ரோட்டன்பர்க், வடக்கே வும்ம ஆற்றங்கரையில் இன்னொன்று, ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே நெக்கார் கரையில் ரொட்டன்பர்க், போலந்து எல்லைப் பக்கம் ஒன்று என ஒரே மாதிரி ஒலிக்கும் ஊர்கள் பல. கார் வழிகாட்டியில் முதலில் வருவதைத் தட்டிவிட்டு இருநூறு முந்நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்பவர்கள் உண்டு. ரயில் மாற வேண்டிய ஷ்டைனாக்குக்கும் இதே கதைதான். ஆஸ்திரியாவின் டிரோலிலும் துரிங்கியாவிலும் ஷ்டைனாக் இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது "ஷ்டைனாக் பை ரோத்தன்பர்க்".

ரயிலில் எப்படிப் போவது?

எங்கிருந்து வந்தாலும் கடைசியில் ஷ்டைனாக்கில் இறங்கி, அங்கிருந்து ரோத்தன்பர்க் வரை மட்டும் ஓடும் கிளைப்பாதைச் சிறு ரயிலில் ஏற வேண்டும். அந்தத் துண்டுப் பயணம் கால் மணி நேரம்தான். ஷ்டைனாக், வூர்ஸ்பர்க்–அன்ஸ்பாக் பாதையில் இருக்கிறது. வூர்ஸ்பர்க்கிலிருந்து ஒரே ஒரு மாற்றம், மொத்தம் ஒன்றேகால் மணி நேரம். நியூரம்பர்க்கிலிருந்து அன்ஸ்பாக்கிலும் ஷ்டைனாக்கிலும் மாறினால் ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி. மியூனிக்கிலிருந்து இரண்டரை முதல் மூன்று மணி. ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து வருகிறவர்கள் வூர்ஸ்பர்க் வரை அதிவேக ரயிலில் வந்துவிட்டு மாறுவது நல்லது.

சறுக்கும் இடம் ஷ்டைனாக்தான். இணைப்புக்குச் சில நிமிடங்களே இருக்கும். கிளை ரயில் மணிக்கு ஒன்று. முதல் ரயில் தாமதமாகி இதைத் தவறவிட்டால், பெரிதாக எதுவும் இல்லாத நிலையத்தில் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்குத் தின்பண்டமும் தண்ணீரும் பையில் இருக்கட்டும். தள்ளுவண்டியோடு வருகிறவர்கள் ரயில் நிற்பதற்கு முன்பே கதவருகே வந்து நின்றுகொள்ளுங்கள்.

ரோத்தன்பர்க் நிலையத்திலிருந்து ஊருக்குள் பேருந்து தேடத் தேவையில்லை. வெளியே வந்து இடதுபக்கம் பான்ஹோஃப் தெருவில் சிறிது தூரம் போய், வலப்பக்கம் அன்ஸ்பாக்கர் தெருவில் திரும்பி நேரே நடந்தால் பத்து நிமிடத்தில் ரோடர் வாயில். சமதளமான பாதைதான்.

பவேரியா டிக்கெட் எடுத்தால் லாபமா?

இது பவேரியாவுக்குள் செல்லும் ஒருநாள் ரயில் சீட்டு. பவேரியாவுக்குள்ளிருந்து வரும் குடும்பத்துக்குப் பெரும்பாலும் லாபம். ஒரே சீட்டில் ஐந்து பேர் வரை போகலாம். முதல் ஆளுக்கு ஒரு கட்டணம், கூடுதல் ஆள் ஒவ்வொருவருக்கும் சிறு தொகை. 6 வயதுக்குக் கீழே டிக்கெட்டே வேண்டாம். கவனிக்க வேண்டியவை மூன்று.

வார நாளில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும். மியூனிக்கிலிருந்து 9 மணிக்குக் கிளம்பினால் ஊர் போய்ச் சேரவே மதியம் ஆகிவிடும். ஆகவே அங்கிருந்து வருகிறவர்கள் சனி, ஞாயிறில் வாருங்கள். அந்த நாள்களில் நள்ளிரவு முதலே செல்லும். இரண்டாவது, வட்டார ரயில்களில் மட்டுமே செல்லும். ஐசிஇ, ஐசி என்ற தொலைதூர ரயில்களில் ஏறினால் அபராதம். மூன்றாவது, பயணம் செய்கிற எல்லோருடைய பெயரும் சீட்டில் இருக்க வேண்டும். இயந்திரத்தில் எடுத்த காகிதச் சீட்டென்றால் பேனாவால் எழுதிவிட்டு ஏறுங்கள். எழுதாமல் வைத்திருந்து பரிசோதகரிடம் மாட்டுவதுதான் அதிகம் நடக்கிறது.

டாய்ச்லாண்ட் டிக்கெட் (நாடு முழுவதும் வட்டார ரயில்களில் செல்லும் மாதச் சீட்டு) வைத்திருப்பவர்களுக்கு 9 மணிக் கட்டுப்பாடு கிடையாது. ஆனால் அது ஓர் ஆளுக்கானது. வீட்டில் ஒருவரிடம் அது இருந்து, மற்ற மூவருக்கு மட்டும் பவேரியா டிக்கெட் எடுத்தாலும் செல்லும்.

காரில் வந்தால் எங்கே நிறுத்துவது?

ஏ7 நெடுஞ்சாலையில் 108ஆம் வெளிவழி. மதிலைச் சுற்றி பி1 முதல் பி5 வரை கட்டண நிறுத்துமிடங்கள் உள்ளன. மதிலுக்குள் காரை ஓட்டிப் போகாதீர்கள். சந்து குறுகலாக இருக்கும், வெளியாருக்குக் கட்டுப்பாடும் உண்டு. பி1 தெற்கே ஷ்பிட்டால் வாயில் பக்கம். பி4, பி5 வடகிழக்குப் பக்கம். அங்கிருந்து சந்தைச் சதுக்கம் ஏறக்குறைய பத்து நிமிட நடை. கட்டண இயந்திரத்துக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். வார இறுதியில் 10 மணிக்கு முன்னால் வந்துவிட்டால் இடம் தேட வேண்டியதில்லை.

என்ன வரிசையில் பார்ப்பது?

காலை 10 முதல் 10.30க்குள் வந்து சேர்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ரோடர் வாயிலில் மதில்மேல் ஏறி, தெற்கே ஷ்பிட்டால் வாயில் வரை நடங்கள். அங்கே ஷ்பிட்டால் கொத்தளத்தைப் பார்த்துவிட்டு, 12 மணிக்கு முன்பே சாப்பிட உட்கார்ந்துவிடுங்கள். பிறகு ஷ்பிட்டால் தெரு வழியாக வடக்கே வந்தால் புளோன்லைன். நாள்காட்டிகளிலெல்லாம் வரும் இடம் இதுதான்: சாய்ந்து நிற்கும் மஞ்சள் மரச்சட்ட வீடு, அதன் இருபக்கமும் பிரியும் இரண்டு தெருக்கள், இரண்டு கோபுரங்கள். படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அங்கே வேறு வேலையில்லை.

மதியம் குற்றவியல் அருங்காட்சியகம். 3 மணி வாக்கில் கோட்டைப் பூங்கா, அங்கே கொஞ்சம் ஓய்வு. 4 மணிக்கு யாக்கோபு தேவாலயம். அதன் பிறகு சந்தைச் சதுக்கம். அப்போது பேருந்துகள் கிளம்பியிருக்கும். குளிர்காலத்தில் தேவாலயமும் அருங்காட்சியகமும் சீக்கிரம் மூடிவிடும். அந்த மாதங்களில் இவை இரண்டையும் முன்னுக்குக் கொண்டுவந்து, கோட்டைப் பூங்காவைக் கடைசியில் தள்ளுங்கள்.

மதில்மேல் பிள்ளைகளைக் கூட்டிப்போவது பாதுகாப்பா?

கையைப் பிடித்து நடக்கிற வயதென்றால் பிரச்சினை இல்லை. கட்டணம் கிடையாது, கதவும் கிடையாது. மேலே ஓட்டுக் கூரை போட்ட நடைபாதை. வெளிப்பக்கம் அம்புவிடும் துளைகள் வைத்த கல்மதில், உள்பக்கம் மரக் கைப்பிடி. கைப்பிடிக்குக் கீழே இடைவெளி இருப்பதால் இரண்டு மூன்று வயதுக் குழந்தையைத் தனியே ஓடவிடக் கூடாது. பெரியவர்களுக்கு ஆபத்து வேறு இடத்தில்: கூரை உத்தரங்கள் தாழ்வு. ஐந்தே முக்கால் அடிக்கு மேல் இருக்கிறவர்கள் படம் எடுத்துக்கொண்டே நடந்தால் நெற்றியில் வாங்குவார்கள். எதிரே ஆள் வந்தால் ஒருவர் ஒதுங்கித்தான் வழிவிட வேண்டும்.

கூரையோடு நடக்கக்கூடிய நீளம் சுமார் இரண்டரை கிலோமீட்டர். முழுவதும் நடக்க வேண்டுமென்ற கட்டாயமில்லை. வாயில்களருகே ஏறவும் இறங்கவும் கல்படிகள் இருக்கின்றன. பிள்ளைகள் சிணுங்கினால் அடுத்த படியில் இறங்கிவிடலாம். நடக்கும்போது சுவரில் பதித்த சிறு கற்களைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், எத்தனை மீட்டருக்குப் பணம் கொடுத்தார்கள் என்ற கணக்கு. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு மதிலைத் திரும்பக் கட்ட உலகம் முழுவதிலுமிருந்து நன்கொடை கொடுத்தவர்கள் இவர்கள். ஜப்பானியப் பெயர்கள் நிறைய வரும். யாருக்கு முதலில் வேறொரு நாட்டின் பெயர் கிடைக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லிப்பாருங்கள், அரை கிலோமீட்டர் ஓடிவிடும்.

மழையிலும் நடக்கலாம். உறைபனி நாளில் மட்டும் படிகள் வழுக்கும்.

முழங்கால் வலி உள்ளவர்கள், தள்ளுவண்டி வைத்திருப்பவர்கள் என்ன செய்வது?

மதிலையும் கோபுரங்களையும் மறந்துவிடுங்கள். அவை எல்லாம் படிதான், மின்தூக்கி இல்லை. ஊருக்குள் தெருக்கள் முழுவதும் உருளைக்கல் பாவியவை. சிறு சக்கரத் தள்ளுவண்டி கல்லிடுக்கில் சிக்கும். காற்றடைத்த பெரிய சக்கரம் தாங்கும். கைக்குழந்தையென்றால் நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் தூளியே மேல்.

பெரியவர்களுக்கு நல்ல பாதை ஒன்று இருக்கிறது. சந்தைச் சதுக்கத்திலிருந்து ஹெர்ன் தெரு வழியாகக் கோட்டைப் பூங்கா. ஊரிலேயே அகலமான, பழைய செல்வந்தர் வீடுகள் நிற்கும் தெரு அது; ஏற்றம் குறைவு, பூங்காவில் பெஞ்சுகள் உண்டு. அங்கிருந்து பள்ளத்தாக்கும், கீழே ஆற்றைக் கடக்கும் இரட்டை அடுக்குப் பாலமும் தெரியும். பாலம் பக்கத்தில்தானே என்று இறங்கிவிட வேண்டாம். இறங்குவது சுலபம், திரும்பி ஏறுவது செங்குத்து.

பூங்காவுக்குள் நுழையும் கோட்டை வாயிலில் பிள்ளைகளுக்கு இரண்டு விஷயம் காட்டுங்கள். பெரிய கதவுக்குள் ஒரு சின்னக் கதவு இருக்கும். இரவில் வாயில் மூடியபின் வருகிறவர் குனிந்து ஒவ்வொருவராகத்தான் நுழைய முடியும், ஆகவே படை புகமுடியாது. நிமிர்ந்து பார்த்தால் கல்லில் ஒரு முகம், வாய் திறந்தபடி. தாக்க வருகிறவர்கள் தலையில் கொதிக்கும் கீல் ஊற்றியது அந்த வாய் வழியாக. பூங்கா இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் இருந்த கோட்டை 1356 நிலநடுக்கத்தில் இடிந்தது. அதன் கற்களை எடுத்து ஊர்க்காரர்கள் வேறு கட்டடங்களுக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

நகரமன்றக் கோபுரம் ஏறலாமா?

கால் வலுவாக இருந்தால் ஏறுங்கள். 220 படி. கடைசிப் பகுதி படியே அல்ல, ஏணி; முடிவில் ஒரு சிறு துவாரத்தின் வழியாக உடம்பை வெளியே எடுக்க வேண்டும். மேலே நிற்க இடம் குறுகல் என்பதால் ஒரு சிலரைத்தான் ஒரே நேரத்தில் விடுவார்கள். மதியத்தில் படியிலேயே காத்து நிற்க நேரும். பணம் வாங்குவது மேலேதான், ஆகவே பணப்பையைக் கீழே நிற்பவரிடம் கொடுத்துவிட்டு ஏறாதீர்கள். உயர பயம் உள்ளவர்களும் முதுகில் குழந்தை சுமப்பவர்களும் ரோடர் கோபுரத்துக்குப் போகலாம். அங்கே காட்சி உள்ளே சன்னல் வழியாக, 1945 குண்டுவீச்சு பற்றிய படங்களும் உண்டு.

சதுக்கத்தில் மணிக்கு ஒருமுறை என்ன நடக்கிறது?

காலை 10 முதல் இரவு 10 வரை, ஒவ்வொரு மணிக்கும், பழைய மன்ற உறுப்பினர் மதுக்கூடத்தின் முகப்பில் கடிகாரத்தின் இருபக்கமும் சன்னல்கள் திறக்கும். ஒன்றில் தளபதி டில்லி, இன்னொன்றில் முன்னாள் மேயர் நுஷ். பொம்மை மேயர் குவளையை மெல்லத் தூக்கிக் குடிப்பார். அவ்வளவுதான். ஒரு நிமிடக் காட்சிக்கு அரை மணி காத்திருக்க வேண்டாம். போகிற வழியில் மணி அடித்தால் நின்று பாருங்கள்.

கதை தெரிந்திருந்தால் சுவை கூடும். முப்பதாண்டுப் போரில், 1631இல் டில்லியின் கத்தோலிக்கப் படை ஊரைப் பிடித்தது. மூன்றேகால் லிட்டர் மதுவை ஒரே மூச்சில் குடிக்கிறவர் இருந்தால் ஊரை விட்டுவிடுகிறேன் என்று தளபதி சொல்ல, நுஷ் குடித்து ஊரைக் காப்பாற்றினார் என்பார்கள். படை வந்தது வரலாறு. குவளை விஷயம் பின்னால் கட்டிய கதை. 1881 முதல் பெந்தகோஸ்து விழாவில் இதை நாடகமாக ஆடுகிறார்கள். அந்த வார இறுதியில் ஊர் நிரம்பி வழியும்.

யாக்கோபு தேவாலயத்துக்கு நுழைவுக் கட்டணம் கொடுத்துப் போகலாமா?

ஊரில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் காசு கொடுப்பேன் என்றால் இதற்குக் கொடுங்கள். ஆனால் கீழ்த்தளத்தைச் சுற்றிவிட்டு வெளியே வந்துவிடுகிறவர்கள் ஏராளம். பார்க்க வேண்டியது மேற்குப் பக்க மேல்மாடத்தில், படியேறிப் போகும் இடத்தில் இருக்கிறது: டில்மன் ரீமென்ஷ்னைடர் 1500க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் லிண்டன் மரத்தில் செதுக்கிய திருஇரத்தப் பீடம். வண்ணம் பூசாமல் மரத்தின் நிறத்திலேயே விட்டிருக்கிறார்.

நடுவில் இயேசுவின் கடைசி விருந்து. வழக்கமாக இயேசு நிற்கும் நடு இடத்தில் இங்கே நிற்பது யூதாஸ், கையில் பணப்பை. அந்த உருவத்தை மட்டும் தனியாகக் கழற்றி எடுக்க முடியும். எடுத்தால் பின்னால் இயேசுவின் மடியில் சாய்ந்திருக்கும் யோவான் முழுதாகத் தெரிவார். உருவங்களுக்குப் பின்னால் நிஜமான வட்டக் கண்ணாடிச் சன்னல்கள் இருப்பதால் வெளிச்சம் அறைக்குள்ளிருந்து வருவதுபோல விழுகிறது. முகங்களைப் பார்க்கப் பத்து நிமிடமாவது நில்லுங்கள்.

கீழே கிழக்குப் பக்கத் தலைமைப் பீடத்தின் பின்புறமும் போகக்கூடியதே. ஃபிரெட்ரிக் ஹெர்லின் 1466இல் தீட்டிய பலகைகளில் ஒன்றில் அன்றைய ரோத்தன்பர்க் சதுக்கமே இருக்கிறது.

குற்றவியல் அருங்காட்சியகம் பிள்ளைகளுக்கு ஏற்றதா?

பத்து வயதுக்கு மேல் சரி. சிறியவர்களுக்கு வெளிமுற்றமும் அவமானத் தண்டனைக் கருவிகளும் போதும். வதைக்கருவி அறைகளைக் கடந்துவிடலாம். விலங்கு முகமூடிகள், சண்டைபோட்டவர்களின் கழுத்தையும் கையையும் சேர்த்துப் பூட்டும் வயலின் வடிவப் பலகை, எடை குறைத்து ரொட்டி விற்ற பேக்கரிக்காரரை நீரில் முக்கிய கூண்டு இவற்றையெல்லாம் பிள்ளைகள் ரசிப்பார்கள். எல்லாவற்றுக்கும் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் விளக்கம் உண்டு. படிக்கிறவர்களுக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் கேட்டு வாங்க வேண்டும். பாலாடைக்கட்டியும் வறுத்த வெங்காயமும் சேர்த்த கேஸஷ்பெட்ஸ்ல என்ற நூடுல்ஸ் பெரும்பாலான கடைகளில் இருக்கும். அதில் முட்டை உண்டு. சில இடங்களில் மேலே பன்றிக் கொழுப்புத் துண்டு தூவுவார்கள். உருளைக்கிழங்கு சூப்பிலும் காளான் குழம்பிலும் இறைச்சிச் சாறு கலந்திருக்கலாம்; பட்டியலில் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். "இஸ்ட் டா ஷ்பெக் டிரின்?" என்றால் பன்றிக் கொழுப்பு இருக்கிறதா என்று அர்த்தம். "ஓன ஃப்ளைஷ், ஓன ஷ்பெக்" என்றால் இரண்டும் வேண்டாம். முட்டையும் சேர்க்காதவர்களுக்கு உள்ளூர்ச் சமையலில் வழி குறைவு. இத்தாலியக் கடையில் மார்கரிட்டா பீட்சா, அல்லது வீட்டிலிருந்து தயிர்சாதம் கட்டிக்கொண்டு வந்து கோட்டைப் பூங்காவில் உட்கார்ந்து சாப்பிடுவது சரிப்படும்.

நேரம் முக்கியம். பல கடைகளில் மதியம் 2 மணிக்குச் சமையலறையை மூடி மாலையில்தான் திறப்பார்கள். தண்ணீர் இலவசமாக வைக்க மாட்டார்கள். குமிழி இல்லாதது வேண்டுமென்றால் "ஷ்டில்" என்று சொல்லுங்கள். சூப்பர் மார்க்கெட்டுகள் மதிலுக்கு வெளியே. ஞாயிறன்று அவை மூடியிருக்கும். நினைவுப்பொருள் கடைகள் ஞாயிறும் திறந்திருக்கும், ஆனால் அவற்றால் பசி ஆறாது.

ஷ்னேபால் வாங்கலாமா?

இந்த ஊரின் பொரித்த பலகாரம் இது. ஒன்றே ஒன்று வாங்கி நான்கு பேர் பகிர்ந்துகொள்ளுங்கள். முட்டை, மாவு, வெண்ணெய் சேர்த்துப் பிசைந்த மாவைத் தேய்த்து, ஓரம் அறுபடாமல் நாடாவாகக் கீறி, சுருட்டி, உருண்டை இரும்புக் கூட்டில் அடைத்து எண்ணெயில் பொரித்தெடுப்பார்கள். மேலே சர்க்கரைத்தூள். சுவை சோமாசியின் வெறும் ஓடு மாதிரி. பழைய செய்முறையில் பிளம் சாராயம் சேர்ப்பார்கள். பொரிப்பதற்குப் பன்றிக் கொழுப்பும் பயன்படுவதுண்டு. இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். சன்னலில் அடுக்கியிருக்கும் சாக்லேட் உருண்டைகளைவிட வெறும் சர்க்கரை போட்டது மேல். கடித்தால் சட்டை முழுவதும் உதிரும், பைக்குள்ளேயே உடைத்துத் தின்னுங்கள்.

இதெல்லாம் நிஜமாகவே பழைய கட்டடங்களா?

மேற்கும் தெற்கும் பெரும்பாலும் பழையவை. 1945 மார்ச் 31 அன்று விழுந்த குண்டுகளில் ஊரின் கிழக்குப் பகுதி எரிந்தது. ஒன்பது கோபுரங்களும் 600 மீட்டருக்கு மேல் மதிலும் போயின. பிறகு பழைய தெருவமைப்பை மாற்றாமல் கட்டினார்கள். ரோடர் வாயிலிலிருந்து உள்ளே வரும்போது வீட்டு முகப்புகள் கொஞ்சம் வெறுமையாகத் தெரிவது அதனால்தான். மிச்சம் தப்பியதில் அமெரிக்கப் போர்த்துறையின் ஜான் மெக்ளாய்க்குப் பங்குண்டு. அவருடைய தாயார் முன்பு இந்த ஊருக்கு வந்துபோனவர்.

யூதத் தெருவையும் விட்டுவிடாதீர்கள். 13ஆம் நூற்றாண்டில் யூத மதகுரு ரபி மேயிர் இங்கே பாடம் நடத்தியதால் ஐரோப்பா முழுவதும் யூதர்களிடையே தெரிந்திருந்த ஊர் இது. 1520இல் யூதர்களை ஊரைவிட்டுத் துரத்தினார்கள். பின்னாளில் மீண்டும் குடியேறியவர்களை 1938 அக்டோபரில் நாஜிகள் வெளியேற்றினார்கள்.

எந்த மாதம் நல்லது?

மே, செப்டம்பர், அக்டோபர் தொடக்கம். டிசம்பர்ச் சந்தை அழகுதான், ஆனால் வார இறுதியில் தள்ளுவண்டியோடு நகர முடியாது. வார நாள் மதியத்துக்குள் வந்துவிடுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் பல கடைகளும் உணவகங்களும் மூடியிருக்கும். கிறிஸ்துமஸ் அலங்காரப் பொருள் விற்கும் பெரிய கடை மட்டும் ஆண்டு முழுவதும் உண்டு. உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள். கண்ணாடிப் பொருள்கள் கைக்கெட்டும் உயரத்தில் இருப்பதால் சிறு பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இரவுக் காவலர் நடையையும் பார்த்துவிட்டுக் கிளம்ப முடியுமா?

இரவுக் காவலர் வேடமிட்ட வழிகாட்டி ஊரைச் சுற்றிக் காட்டும் நடை இது. ஈஸ்டர் முதல் டிசம்பர் முடிய, சந்தைச் சதுக்கத்திலிருந்து ஆங்கிலத்தில் இரவு 8 மணிக்கும் ஜெர்மனில் 9.30க்கும் புறப்படுவார்கள். முன்பதிவு கிடையாது, ஒரு மணி நேரம், முடிவில் கையில் காசு கொடுத்தால் போதும். காரில் வந்தவர்கள் 8 மணி நடையைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். ரயிலில் வந்தவர்கள் கிளை ரயிலின் கடைசி வண்டி நேரத்தை மட்டும் பார்த்தால் போதாது. ஷ்டைனாக்கிலிருந்து வீடு வரை இணைப்பு இருக்கிறதா என்று காலையிலேயே பார்த்துவையுங்கள். நியூரம்பர்க், வூர்ஸ்பர்க்கைத் தாண்டிப் போக வேண்டிய குடும்பங்கள் 6 மணிக்குள் நிலையத்துக்கு வந்துவிடுவது உத்தமம்.